தொழில் கற்ற ஆசியா

பொருளாதார வரலாற்றறிஞர் ஆங்கஸ் மாடிசனின் மதிப்பீட்டின்படி, 1820ஆம் ஆண்டில் உலகின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி சீனாவுக்கும் இந்தியாவுக்கும் உரியதாக இருந்தது. 1950இல் அவ்விரு நாடுகளின் பங்கும் சேர்ந்து பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கியிருந்தது. ஐரோப்பியத் தொழிற்புரட்சி, காலனி ஆட்சி, உள்நாட்டுப் போர்கள் என அந்தச் சரிவுக்குப் பல காரணங்கள் உண்டு. அதன்பின் ஆசியா மீண்டும் எழுந்ததைப் பற்றிப் பேசும்போது, மலிவான கூலியே எல்லாவற்றுக்கும் அடிப்படை என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. கூலி மலிவாக இருந்த நாடுகள் பிற கண்டங்களிலும் ஏராளமாக இருந்தன என்பதையும், அங்கெல்லாம் இதே எழுச்சி நிகழவில்லை என்பதையும் எண்ணிப் பார்த்தால், அந்த விளக்கம் போதாது என்பது புலப்படும். மலிவான கூலி முதல் ஆர்டரைக் கொண்டுவந்தது. அந்த ஆர்டரை முடித்துக்கொடுக்கும் காலத்துக்குள் அடுத்த படிக்குரிய தொழிலையும் கற்றுக்கொண்ட நாடுகள்தாம் உலக வணிகத்தையும் வேலையின் தன்மையையும் மாற்றியமைத்தன.

இந்த ஏற்றத்தைக் கோட்பாடாக வகுத்தவர்களில் முன்னோடி ஜப்பானியப் பொருளாதார அறிஞர் அகாமட்சு கனாமே. 1930களில் தம் நாட்டு ஜவுளித் தொழிலை ஆராய்ந்த அவர், ஒரு நாடு முதலில் துணியை இறக்குமதி செய்து, பிறகு உள்நாட்டிலேயே நெய்து, அதன்பின் ஏற்றுமதி செய்து, இறுதியில் எந்திரங்களையே தயாரித்து விற்கும் நிலைக்கு உயர்வதையும், அது விட்டுச்சென்ற படியில் அடுத்த நாடு வந்து நிற்பதையும் விளக்கினார். வலசை போகும் வாத்துகளின் அணிவகுப்பை நினைவூட்டுவதால் இதற்குப் ‘பறக்கும் வாத்துகள்’ கோட்பாடு என்ற பெயர் நிலைத்தது. இங்கிலாந்தின் லங்காஷயர் பருத்தி ஆலைகளை ஜப்பானிய ஆலைகள் பின்னுக்குத் தள்ளியதும், பிறகு தென்கொரியா, தைவான், ஹாங்காங், அவற்றை அடுத்துச் சீனா, அதன்பின் வங்கதேசமும் வியட்நாமும் என்று தொழில் கைமாறியதும் இக்கோட்பாட்டுக்குப் பொருந்திவரும் வரலாறு. ஆனால் வரிசையில் பின்னால் நிற்பவர் காலம் கனிந்ததும் தானாகவே முன்னேறிவிடுவார் என்ற எண்ணத்தை அது தந்துவிடுகிறது. நடைமுறையில் ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் பின்னால் யாரோ ஒருவர் யாரிடமோ வலிந்து போய்த் தொழில் கற்ற கதை இருக்கிறது.

வங்கதேச ஆயத்த ஆடைத் தொழில் அதற்குத் தெளிவான சான்று. 1974இல் நடைமுறைக்கு வந்த பல்லிழை ஒப்பந்தம், வளரும் நாடுகள் பணக்கார நாடுகளுக்கு அனுப்பக்கூடிய துணிக்கும் ஆடைக்கும் நாட்டுவாரியாக உச்சவரம்பு விதித்தது. ‘கோட்டா’ எனப்பட்ட அந்த வரம்பு தென்கொரியாவின் டேவூ நிறுவனத்தின் கையைக் கட்டிப்போட்டதால், வரம்பு இன்னும் நிரம்பாத ஒரு நாட்டை அது தேடியது. 1970களின் இறுதியில் வங்கதேசத்தின் தேஷ் கார்மெண்ட்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, அங்கிருந்து 130 பேரைப் பூசான் நகரிலிருந்த தன் ஆலைக்கு வரவழைத்து, வெட்டுவது, தைப்பது முதல் கணக்கு, சரக்கு அனுப்புதல் வரை பயிற்றுவித்தது. நாடு திரும்பியவர்களில் மிகப் பெரும்பாலோர் அடுத்த சில ஆண்டுகளில் தேஷைவிட்டு விலகி, சொந்தமாக ஆலை தொடங்கவோ புதிய ஆலைகளில் பொறுப்பேற்கவோ செய்தனர். தேஷுக்கு அது இழப்பாக இருக்கலாம். நாட்டுக்கோ அதுவே விதைநெல் ஆயிற்று. இன்று அந்நாட்டின் ஏற்றுமதி வருவாயில் ஐந்தில் நான்கு பங்கு ஆயத்த ஆடையிலிருந்து வருகிறது. அதே தொழிலில்தான், 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள் என்பதையும், அதற்குப் பிறகே வெளிநாட்டு ஆடை நிறுவனங்கள் ஆலைகளின் பாதுகாப்புக்குச் சட்டப்படி பொறுப்பேற்கும் உடன்பாட்டில் கையெழுத்திட்டன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கப்பல் கட்டும் தொழிலில் இந்தக் கைமாற்றம் கண்ணுக்குத் தெரியும் வகையிலேயே நடந்தது. சுவீடனின் மால்மோ நகரிலிருந்த கோக்கும்ஸ் தளம் ஒருகாலத்தில் உலகின் மிகப் பெரிய கப்பல் கட்டும் தளங்களுள் ஒன்று. 1970களின் நடுவில் அங்கே நிறுவப்பட்ட, சுமார் 140 மீட்டர் உயரமும் 1,500 டன் எடையைத் தூக்கும் திறனும் கொண்ட ராட்சத கிரேன் அந்நகரின் அடையாளமாகவே நின்றது. எண்ணெய் நெருக்கடியால் டாங்கர் கப்பல்களுக்கான தேவை சரிந்து, ஜப்பானும் கொரியாவும் குறைந்த விலையில் கட்டித்தரத் தொடங்கியதும், கோக்கும்ஸ் நஷ்டத்தில் மூழ்கி அரசுடைமையாகி, 1980களில் வணிகக் கப்பல் கட்டுவதையே நிறுத்திவிட்டது. வேலையற்று நின்ற கிரேனை 2002இல் தென்கொரியாவின் ஹூண்டாய் கனரகத் தொழில் நிறுவனம் ஒரு டாலருக்கு வாங்கி, கழற்றி, கப்பலில் ஏற்றி, உல்சான் நகருக்குக் கொண்டுசென்று நிறுத்தியது. அதைக் கொரியர்கள் ‘மால்மோவின் கண்ணீர்’ என்று அழைக்கிறார்கள்.

அந்த ஹூண்டாய்க்கு 1972இல் உல்சானில் தளம் அமைக்கத் தொடங்கியபோது பெரிய கப்பல் எதையும் கட்டிய அனுபவமே இல்லை. நிறுவனர் சுங் ஜூ-யங், ஸ்காட்லாந்தின் ஸ்காட் லித்கோ நிறுவனத்திடமிருந்து வரைபடங்களைப் பெற்று, கிரேக்கக் கப்பல் முதலாளி ஒருவரிடம் இரண்டு பெரிய டாங்கர்களுக்கு ஆர்டரும் வாங்கி, தளத்தையும் கப்பலையும் ஒரே சமயத்தில் கட்டினார். வரைபடம் தந்த ஸ்காட்லாந்து நிறுவனம் இன்று இல்லை. கொரியாவும் நிம்மதியாக இல்லை. சரக்குக் கப்பல்களின் எண்ணிக்கையில் சீனா அதை முந்திவிட்டதால், இயற்கை எரிவாயுவைத் திரவமாக்கி ஏற்றிச்செல்லும் நுட்பமான கப்பல்களில்தான் அது தன் மேன்மையைத் தக்கவைத்துக்கொண்டிருக்கிறது. இதற்கிடையே, இரண்டாம் உலகப்போரில் உலகுக்கே கப்பல் கட்டித்தந்த அமெரிக்கா, தன் தளங்களை மீட்டெடுக்கக் கொரியாவின் உதவியை நாடுகிறது: கொரியாவின் ஹன்வா குழுமம் 2024 இறுதியில் பிலடெல்பியா கப்பல் தளத்தை வாங்கியது, 2025இல் இரு நாடுகளுக்கிடையே ஏற்பட்ட வணிக உடன்பாட்டில் 15,000 கோடி டாலர் கப்பல் கட்டும் தொழிலுக்கென்றே ஒதுக்கப்பட்டது.

ஆசியா உலகுக்கு அனுப்பிய சரக்குகளில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று, வேலையை ஒழுங்குபடுத்தும் முறை. டொயோட்டாவின் பொறியாளர் ஒனோ தாயிச்சி போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் உருவாக்கிய உற்பத்தி முறையின் சாரம், உதிரிபாகம் தேவைப்படும் நேரத்தில் தேவைப்படும் அளவு மட்டுமே உற்பத்தி லைனுக்கு வந்துசேர வேண்டும், குறை கண்ட இடத்திலேயே அதைச் சரிசெய்ய வேண்டும் என்பதாகும். கலிபோர்னியாவின் ஃபிரீமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடிய ஆலையை டொயோட்டாவுடன் கூட்டாக 1984இல் மீண்டும் திறந்தபோது, இம்முறை அமெரிக்க மண்ணில் சோதிக்கப்பட்டது. வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் பழைய ஆலையில் இருந்த அதே தொழிற்சங்கத் தொழிலாளர்கள். மூடப்படுவதற்கு முன் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராமலிருந்த ஆலை அது. அவர்களில் பலர் குழு குழுவாக ஜப்பானின் தகாவோகா ஆலைக்குச் சென்று பயிற்சி பெற்றார்கள்.

திரும்பி வந்த அவர்களுக்கு விளங்கிய பெரிய வேறுபாடு லைனுக்கு மேலே தொங்கிய ஒரு கயிறு. பழைய முறையில் எது நடந்தாலும் லைன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். போல்ட்டு சரியாக முறுகவில்லை என்றாலும், கதவு மாறிப் பொருத்தப்பட்டாலும், கார் அப்படியே நகர்ந்துபோய் முற்றத்தில் ‘ரிப்பேர்’ வரிசையில் நிற்கும். புதிய முறையில் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுக்கலாம். உடனே குழுத் தலைவர் வந்து கைகொடுப்பார். கார் அந்த இடத்தைக் கடப்பதற்குள் குறை தீராவிட்டால் லைன் நிற்கும். ஓரிரண்டு ஆண்டுகளில் அந்த ஆலையின் கார்கள் தரத்தில் ஜப்பானியக் கார்களுக்கு இணையாயின. வேலைக்கு வராதோர் விகிதமும் வெகுவாகக் குறைந்தது. தொழிலாளரின் சோம்பலே அமெரிக்கக் கார்களின் தரக்குறைவுக்குக் காரணம் என்று அதுவரை சொல்லிவந்த நிர்வாகிகளுக்கு இதைவிடச் சங்கடமான பதில் இருக்க முடியாது. ஆயினும் ஒரு ஆலையில் கற்றதை மற்ற ஆலைகளுக்கும் உதிரிபாகம் தருவோருக்கும் கொண்டுசெல்ல ஜெனரல் மோட்டார்ஸுக்கு நெடுங்காலம் பிடித்தது. 2009இல் அது திவாலானதும் கூட்டிலிருந்து விலகியது, அடுத்த ஆண்டு ஆலை மூடப்பட்டு டெஸ்லாவின் கைக்குப் போனது.

கொள்கலன் கப்பல்களும் இணையமும் சேர்ந்து, ஒரு பொருளை ஒரே நாட்டில் முழுமையாகச் செய்ய வேண்டிய கட்டாயத்தை நீக்கியபின், எந்த நாடு எந்தப் பொருளைச் செய்கிறது என்ற கேள்வி பொருளிழந்து, ஒரு பொருளின் எந்தப் பகுதியை யார் செய்கிறார்கள் என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. தைவானின் ஏசர் கணினி நிறுவனத்தைத் தொடங்கிய ஸ்டான் ஷி 1990களின் தொடக்கத்தில் இதை ஒரு வளைகோடாக வரைந்து காட்டினார்: ஆய்வும் வடிவமைப்பும் நிகழும் தொடக்க முனையிலும், பிராண்டும் விற்பனையும் அமைந்த இறுதி முனையிலும் வருமானம் உயர்ந்து நிற்க, பாகங்களைச் சேர்த்துப் பொருத்தும் நடுப்பகுதியில் அது தாழ்ந்து கிடக்கிறது. சிரிக்கும் வாயைப் போன்ற வடிவத்தால் அது ‘புன்னகை வளைவு’ எனப்படுகிறது. 2010ஆம் ஆண்டின் ஐபோன் 4 பற்றி அமெரிக்க ஆய்வாளர்கள் கிரேமர், லிண்டன், டெட்ரிக் ஆகியோர் செய்த கணக்கில், விற்பனை விலையில் 58.5 சதவீதம் ஆப்பிளின் லாபமாக நின்றது. சீனத் தொழிலாளரின் கூலிக்குப் போனது 1.8 சதவீதம். ஏற்றுமதிக் கணக்கிலோ அந்தப் போன் முழுவதும் சீனப் பொருளாகவே பதிவானது. நாடுகளின் வணிகப் பற்றாக்குறையை வைத்து நடக்கும் அரசியல் சச்சரவுகளில் சில இந்தப் பதிவுமுறையால் வருபவை.

வளைவின் நடுப்பகுதி என்றாலே பள்ளம்தான் என்ற கருத்தைத் தைவானே பொய்யாக்கியது. அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் கால் நூற்றாண்டு பணியாற்றிய மோரிஸ் சாங், தைவான் அரசின் அழைப்பை ஏற்றுவந்து 1987இல் தொடங்கிய டிஎஸ்எம்சி நிறுவனம், சொந்தமாக எந்தச் சிப்பையும் வடிவமைப்பதில்லை. பிறர் வரைந்து தருவதைத் தயாரித்துக் கொடுப்பது மட்டுமே அதன் தொழில். பொருத்துவேலையைப் போல எளிதாகத் தோன்றும் இந்தத் தொழிலில் அது முப்பது ஆண்டுகளுக்கு மேல் திரட்டிய தேர்ச்சியின் விளைவாக, உலகின் மிக நுட்பமான சிப்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது அங்கேதான் உருவாகின்றன. ஆலை கட்டவே பணமில்லாத சிறிய நிறுவனங்களும் சிப் வடிவமைப்பில் இறங்க முடிந்தது இந்த ஏற்பாட்டால்தான். என்விடியாவின் வளர்ச்சி இதைச் சார்ந்தது. 2020இல் அரிசோனாவில் ஆலை அமைக்க டிஎஸ்எம்சி முடிவுசெய்தபின், வேலைக்குச் சேர்ந்த அமெரிக்கப் பொறியாளர்கள் பயிற்சிக்காகத் தைவான் அனுப்பப்பட்டார்கள். நள்ளிரவிலும் அழைத்தால் வந்துநிற்கும் தைவானிய வேலைப் பழக்கத்துக்கும் அமெரிக்க எதிர்பார்ப்புக்கும் இடையே உரசல்கள் எழுந்தன.

கார் தொழிலில் ஆசிரியரும் மாணவரும் இடம் மாறிக்கொண்ட விதம் இதைவிட வெளிப்படையானது. 1984இல் ஷாங்காயில் கூட்டு நிறுவனம் அமைத்த ஃபோக்ஸ்வேகனுக்கும், அதன்பின் வந்த மற்ற நிறுவனங்களுக்கும், உள்ளூர்ப் பங்காளியுடன் சேர்ந்தே தொழில் செய்ய வேண்டும் என்று சீனா நிபந்தனை விதித்தது; சந்தையைக் கொடுத்துத் தொழில்நுட்பத்தைப் பெறுவதே நோக்கம். பெட்ரோல் எஞ்சினில் அந்த நோக்கம் முழுமையாக நிறைவேறவில்லை. கூட்டு நிறுவனங்களில் சுகமாகப் பங்கு வாங்கிய அரசு நிறுவனங்கள் மெத்தனமாக இருந்துவிட, முன்னேறியவை வேறு வழியாக வந்தவை: செல்போன் பேட்டரி தயாரிக்க 1995இல் ஷென்ஷெனில் தொடங்கி 2003இல் கார் தொழிலுக்குள் நுழைந்த பிஒய்டி 2024இல் 42 லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களை விற்றது, 2011இல் நிங்டேயில் தொடங்கிய சிஏடிஎல் உலக மின்வாகனப் பேட்டரிச் சந்தையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைத்திருக்கிறது. 2023இல் ஜப்பானை முந்திச் சீனா கார் ஏற்றுமதியில் முதலிடம் பிடித்த அதே ஆண்டில், ஃபோக்ஸ்வேகன் சுமார் 70 கோடி டாலர் கொடுத்து எக்ஸ்பெங் என்ற இளம் சீன நிறுவனத்தில் ஐந்து சதவீதப் பங்கை வாங்கியது. சீனச் சந்தைக்கான மின்கார்களை அந்நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்குவது அதன் ஏற்பாடு.

அலுவலக வேலையில் இந்தியாவின் இடம் பலரும் அறிந்ததே. அழைப்பு மையங்களும் மென்பொருள் பராமரிப்பும் மட்டுமே என்ற பழைய படம்தான் திருத்தப்பட வேண்டியது. பன்னாட்டு நிறுவனங்கள் தம் ஆராய்ச்சி, நிதி, தரவுப் பணிகளைத் தம் சொந்த ஊழியர்களைக் கொண்டே இங்கு நடத்தும் ‘உலகளாவிய திறன் மையங்கள்’ 2024 கணக்கில் 1,700க்கும் மேல். அவற்றில் சுமார் 19 லட்சம் பேர் பணிபுரிந்தார்கள். வேலையை வெளி நிறுவனத்திடம் ஒப்படைப்பதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு: இங்கே பெங்களூரிலோ சென்னையிலோ இருப்பவர் அந்த வங்கியின், அந்த மருந்து நிறுவனத்தின் நேரடி ஊழியர்.

இத்தனை ஏற்றத்துக்கும் விலை கொடுத்தவர்கள் இரு பக்கத்திலும் இருக்கிறார்கள். 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததை ஒட்டிய காலத்தை ஆராய்ந்த டேவிட் ஆட்டர் முதலிய பொருளாதார அறிஞர்கள், 1999 முதல் 2011 வரை சீன இறக்குமதியால் அமெரிக்காவில் 20 லட்சத்துக்கும் குறையாத வேலைகள் போயின என்று கணக்கிட்டார்கள். மரச்சாமான்களையும் துணியையும் நம்பியிருந்த ஊர்களில் அந்த அடி குவிந்து விழுந்ததும், வேலையிழந்தவர்கள் வேறு ஊருக்குப் போய்ப் பிழைத்துக்கொள்வார்கள் என்ற பாடநூல் நம்பிக்கை பொய்த்ததும் அவர்களுடைய ஆய்வின் முக்கிய முடிவுகள். ஆசியப் பக்கத்தில் விலை, நேரமாகச் செலுத்தப்பட்டது. அளவுமீறிய உழைப்பால் நேரும் மரணத்துக்குச் சட்டத்திலேயே இடம் கொடுக்க வேண்டிய நிலை ஜப்பானுக்கு வந்தது. கொரியா 2018இல் வாரத்தின் உச்சவரம்பை 68 மணியிலிருந்து 52 மணியாகக் குறைத்தது. காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை வாரம் ஆறு நாள் என்ற ‘996’ வழக்கம் சட்டவிரோதம் என்று சீன உச்ச நீதிமன்றம் 2021இல் தெளிவுபடுத்தியது. மேலேறிய நாடுகள் இப்படி மணிநேரத்தைக் குறைத்துக்கொண்டிருந்த வேளையில், 12 மணிநேர வேலைக்கு இடம்தரும் சட்டத்திருத்தத்தைத் தமிழ்நாடு சட்டப்பேரவை 2023 ஏப்ரலில் நிறைவேற்றியது. தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் சில நாள்களிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது.

அந்தத் திருத்தத்தின் பின்னணியில் சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூரின் மின்னணு ஆலைகள் இருந்தன. 2006இல் அங்கே செல்போன் தயாரிக்கத் தொடங்கிய நோக்கியா, ஏறத்தாழ 8,000 பேருக்கு நேரடி வேலை கொடுத்து, வரித் தகராறும் நிறுவனத்தின் செல்போன் பிரிவு மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியதும் சேர்ந்துகொள்ள, 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. ஆலை மூடியபின் அந்த ஆயிரக்கணக்கானோர் கற்றிருந்த வேலைக்கு வேறு முதலாளி அருகில் இல்லை; பொருத்துவேலை மட்டுமே தெரிந்த தொழிற்பேட்டையின் பலவீனம் அன்று வெளிப்பட்டது. இப்போது ஐபோன் உற்பத்தி அதே வட்டாரத்தை மீண்டும் நிரப்பியிருக்கிறது. ஐபோன்களைப் பொருத்தும் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்க்கும் பெண்களுக்காக வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய, 18,720 பேர் தங்கக்கூடிய விடுதி வளாகம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. மாநிலத்தின் மின்னணுப் பொருள் ஏற்றுமதி 2023–24இல் 956 கோடி டாலராக இருந்து 2024–25இல் 1,465 கோடி டாலராக உயர்ந்தது.

எனினும் போனுக்குள் இருக்கும் திரையும் சிப்பும் கேமராவும் பெரும்பாலும் கப்பலிலும் விமானத்திலும் வந்திறங்குகின்றன. சாம்சங் தன் போன்களில் பாதியளவை வியட்நாமில் செய்தும், அந்நாட்டு ஏற்றுமதியில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் வெளிநாட்டு நிறுவனங்களின் கையிலேயே இருப்பது, இதே படியில் நெடுநாள் நின்றுவிடவும் முடியும் என்பதைக் காட்டுகிறது. கற்பதற்கான வழியும் முன்போல் திறந்திருக்கவில்லை. ஸ்காட்லாந்து வரைபடம் தந்தது, ஜப்பான் ஆலைக்குள் அழைத்துக் காட்டியது; சீனாவோ 2025 ஜூலையில் பேட்டரி மூலப்பொருள் தயாரிக்கும் நுட்பத்தை ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது, அதே காலத்தில் இந்தியாவின் ஃபாக்ஸ்கான் ஆலைகளிலிருந்து 300க்கும் மேற்பட்ட சீனப் பொறியாளர்கள் திருப்பி அழைக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. லைனை அமைப்பதும், புதிய மாடலுக்கு எந்திரங்களைச் சரிசெய்வதும் அதுவரை அவர்களுடைய பொறுப்பில் இருந்த வேலைகள்.

மின்னணு உதிரிபாகங்களை உள்நாட்டிலேயே செய்வதற்காக இந்திய அரசு 2025 மார்ச்சில் 22,919 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதற்கு இணையாகத் தமிழ்நாடு அரசும் ஒரு திட்டத்தை அறிவித்தது. அக்டோபரில் அனுமதி பெற்ற முதல் ஏழு ஆலைகளில் ஐந்து தமிழ்நாட்டில் அமைய இருக்கின்றன. கேமராத் தொகுதி, பல அடுக்கு சர்க்யூட் பலகை, அந்தப் பலகைக்கே மூலப்பொருளான செப்புத்தகடு ஒட்டிய லேமினேட் ஆகியவை அவற்றில் தயாராக வேண்டிய பொருள்கள்.